பச்சை நூல் பாட்டில்

முயல்கார ரகுபதி தன் பெண்டாட்டி கண்ணில் முயல் மருந்தை ஊற்றி அவளைக் குருடாக்கிவிட்டான் என்று அடையாறில் ஒரு பேச்சு கிளம்பியது. மெட்ராஸ் என்ற பேரை அழித்துவிட்டுச் சென்னை என்று எழுதிக்கொண்டிருந்த சமயம். ஊரின் பேரே மாறும்போது ஒரு மனுஷன் பேர் கெடுவதற்கு எத்தனை நாழி பிடிக்கும்?

பேச்சு பிறந்த இடம் கணேசமூர்த்தியின் டீக்கடை. மருந்துக் கல்லூரியின் மதில் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் கடை அது. அங்கே டீ ஆறினாலும் ஆறும், வம்பு ஆறாது. காலையில், "ரகுபதி ஏதோ மருந்த மாத்தி ஊத்திட்டானாம்" என்றுதான் ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் அதைக் கல்லூரியில் திருடி, வேண்டுமென்றே ஊற்றியதாக ஆயிற்று. சாயங்காலம் ரகுபதிக்குச் சைதாப்பேட்டையில் இன்னொரு குடும்பம் முளைத்துவிட்டது. அதுவே பஸ் ஏறி மயிலாப்பூரில் போய் இறங்கியபோது, சுப்பம்மாவின் கண் முயல் கண் மாதிரி ரத்தச் சிவப்பாகிவிட்டது, அவள் சோற்றைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்து கேரட் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

சைதாப்பேட்டைக் குடும்பம் சுத்தப் பொய். கட்டின ஒருத்தியையே சமாளிக்க முடியாதவன் ரகுபதி. கேரட்டும் பொய். திருட்டு, பாதி நிஜம். கண் போனது முழு நிஜம். ஆனால் அந்தக் கண்ணைக் கெடுத்தது எது என்பதில்தான் டீக்கடை மொத்தமும் கோட்டை விட்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் கணேசமூர்த்தியின் கதையைவிடச் சுவாரசியம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ரகுபதிக்கு அந்தக் கல்லூரியில் முயல் வீட்டு வேலை. கட்டடத்தின் பின்பக்கம், ஆற்று நாற்றம் அடிக்கும் திசையில், தகரக் கூரை போட்ட நீள அறை. கம்பிக் கூண்டுகளில் வெள்ளை முயல்கள். கீரை போடுவது, தண்ணீர் வைப்பது, புழுக்கை அள்ளுவது, பரிசோதனையின்போது முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது. இவ்வளவுதான் உத்தியோகம். நொச்சிக்குப்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாதவன் அவன். படகில் கால் வைத்தால், கரை கண்ணுக்குத் தெரியும்போதே வாந்தி எடுத்துவிடுவான். மீன் பிடிக்கத் துப்பில்லாதவன் முயல் பிடிக்கப் போனான் என்று குப்பத்தில் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

முயல்களுக்குப் பேர் வைத்தவன் அவன்தான். எந்நேரமும் தின்றுகொண்டு, எதற்கும் அசையாத ஒன்றுக்குக் கவுன்சிலர். யார் கூண்டுப் பக்கம் போனாலும் பின்னங்காலால் தரையைத் தட்டி அதட்டும் ஒன்றுக்கு மாமியார். மடியில் வைத்துப் பிடித்துப் பிடித்துப் பழகியதில், ஒரு முயலுக்கு வலிக்கிறதா, சுகமாக இருக்கிறதா என்பதை அதன் மூக்குத் துடிப்பிலிருந்தே சொல்லிவிடுவான். அந்த ஒரு கெட்டிக்காரத்தனம்தான் பின்னால் அவனைக் கவிழ்த்தது.

சுப்பம்மா, கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்பவள். வஞ்சிரத்தை அவள் துண்டு போட ஆரம்பித்தால் பஸ்ஸில் போகிறவன்கூடத் தலையை நீட்டி விலை கேட்பான். அவள் குரலுக்கு அப்படி ஒரு ராசி. அந்தக் குரலுக்கு மேலே இருந்த இடது கண் எப்போது கெட்டது என்று அவளுக்கே தெரியாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ஒருநாள் வலது கண்ணில் செதிள் தெறித்து அதைப் பொத்திக்கொண்டாள். உலகமே அணைந்துபோயிற்று. அப்போதுதான் இடது கண் வெறும் அலங்காரத்துக்கு இருக்கிறது என்பது தெரிந்தது.

ரகுபதி அவளைத் திருவல்லிக்கேணியில் டாக்டர் வஜீஹாவிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுற வியாதிம்மா. உள்ள இருக்கிற தண்ணி சரியா வடியாம நரம்ப நசுக்குது. இடது கண்ணு போனது போனதுதான், திரும்பாது. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. இந்தச் சொட்டு மருந்த தினம் நாலு வேளை விடணும். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினா இதுவும் போயிடும்."

"தலைக்குத்தான பிரஷரு? கண்ணுக்கும் கீதா?" என்றாள் சுப்பம்மா.

"இருக்கு. தலைக்கு ஏறினா மயக்கம் வந்து சொல்லிடும். இது சொல்லாமலே தின்னுடும்."

மருந்து வந்தது. அதோடு மருந்தின் தொல்லையும் வந்தது. சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் புருவத்துக்கு மேலே கத்தியால் கீறுகிற மாதிரி வலி. தொண்டையில் வேப்பங்காய்க் கசப்பு. எல்லாவற்றையும்விட மோசம், கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி ஒரு கடுகு அளவுக்கு ஆகிவிடும். அந்தக் கடுகுக்குள் எவ்வளவு வெளிச்சம் நுழையும்? நல்ல வெயிலில் அவளுக்குப் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது.

"இன்னாய்யா மருந்து இது? ஊத்துனா பட்டப்பகல்ல கரண்டு போன மாதிரி கீது. செவுளு செவப்பா வெளுப்பான்னு தெரியாம நான் எப்டி யாவாரம் பண்றது? நேத்து ஒருத்தி ஐஸ்ல கெடந்த மீன என் கூடையில வச்சிட்டு, புது மீன எடுத்துகினு பூட்டா."

"டாக்டரம்மா சொன்னாங்க இல்லமே? வுட்டா கண்ணு பூடும்."

"ஊத்துனாலும் தெரியல, வுட்டாலும் தெரியாது. அப்புறம் இன்னாத்துக்கு ஊத்திகினு?"

யாவாரம் நடக்கும் வேளையில் அவள் மருந்தைத் தொடவில்லை. காலையில் வீட்டில் விட்ட சொட்டின் மங்கலே மத்தியானம்வரைக்கும் போகாது. ரகுபதி கெஞ்சினான், திட்டினான், பாட்டிலை அவள் சுருக்குப்பையில் திணித்து அனுப்பினான். அது போனபடியே திரும்பி வரும். ஒற்றைக் கண்ணோடு ரோட்டைத் தாண்டி வரும் பெண்டாட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்வான்.

அந்தச் சமயம் பார்த்து முயல் வீட்டுக்கு வைதேகி மேடம் வந்து சேர்ந்தார். மயிலாப்பூர்க்காரர். கபாலி கோயில் தெற்கு மாடவீதியிலிருந்து மொபெட்டில் வருவார். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. முதல் நாளே கூண்டைச் சுற்றி வந்து, "என்ன ரகுபதி, எல்லாரும் சாப்டாச்சா?" என்று முயல்களை விசாரித்ததில் ரகுபதிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டான். அவர் சொன்ன பதிலில் அவன் கையிலிருந்த கீரைக் கட்டு அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் விடும் சொட்டு மருந்து, அதுவும் அந்தக் கண் அழுத்த வியாதிக்கு.

"கண்ணுல ஒரு சொட்டு விடறோமா, கண் சும்மா இருக்குமா? தூசின்னு நெனச்சுண்டு கண்ணீர் விட்டு அலம்பிடும். பாதி கன்னத்துல வழியும். மீதி மூக்கு வழியா தொண்டைக்கு எறங்கிடும். கண்ணுக்குள்ள போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதான் நாலு வேளை ஊத்த வேண்டியிருக்கு."

"ஆமா மேடம், தொண்டையில கசக்கும்" என்றான் ரகுபதி, ஏதோ தன் தொண்டையிலேயே கசந்த மாதிரி.

"அதேதான்! நான் என்ன பண்றேன்னா, மருந்தைக் கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி உருண்டைக்குள்ள அடைக்கறேன். நேனோ துகள்னு பேரு. மைக்ராஸ்கோப்லகூட லேசுல தெரியாது. அது கண்ணோட மேல்தோல்ல ஒட்டிண்டு, மெதுமெதுவா மருந்தை விடும். கண்ணீரால அவ்ளோ சீக்கிரம் தள்ள முடியாது."

ரகுபதி யோசித்தான். "ஃபுட்போர்டுல தொங்குறவன் மாதிரி. கண்டக்டரு இன்னா கத்துனாலும் எறங்க மாட்டான். கையில தூக்கு சட்டி வேற வச்சிகினு கீறான்."

வைதேகி மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "ஆமா, தூக்குக்குள்ள மருந்து. தொங்கிண்டே கொஞ்சம் கொஞ்சமா தெறந்து குடுப்பான். எங்க கைடுக்குக்கூட நான் இவ்ளோ அழகா சொன்னதில்லை."

"அப்ப ஒரு வேளை ஊத்துனா போதுமா மேடம்?"

"அதுதான் எங்க ஆசை."

"மனுஷங்களுக்கு எப்ப வரும்?"

"அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். இப்போ முயலுக்கே சரியா வரதான்னு பார்த்துண்டிருக்கேன்." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், ஆத்துல யாருக்காவது இருக்கா?" என்றார். சுப்பம்மாவின் சங்கதியைச் சொன்னான். அவர் முகம் மாறிவிட்டது. "டாக்டர் குடுத்ததை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்கோ. வலிச்சாலும் பரவால்லை. அது வேலை செய்யறதாலதான் வலிக்கறது."

அந்தக் கடைசி வார்த்தை ரகுபதியின் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. வருஷக் கணக்கு என்ற பேச்சிலேயே அவன் மனசு நின்றுபோயிருந்தது. சுப்பம்மாவின் கண்ணுக்கு வருஷக் கணக்கு கிடையாது.

பரிசோதனை ஆரம்பித்தது. பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருந்தது புது மருந்து. இரண்டு பாட்டில்கள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை. அடையாளத்துக்கு ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் பச்சை நூல். ரகுபதி முயலைப் பிடித்துக்கொள்வான், மேடம் சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்பு நூல் மருந்து கவுன்சிலருக்கு. விட்ட கொஞ்ச நேரத்தில் கவுன்சிலரின் மூக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். காலைத் தூக்கி முகத்தைத் தேய்க்கும். அந்தச் சிவந்த கண்ணின் நடுவட்டம் சுருங்கிக் குண்டூசித் தலை ஆகிவிடும். அன்றைக்கெல்லாம் கவுன்சிலர் கீரையைத் தொடாது. கவுன்சிலரே சாப்பிடாத நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை நூல் மாமியாருக்கு. மாமியார் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, கீரைத் தண்டை நறநறவென்று மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். கண் அகலமாக, அமைதியாக, கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஒருநாள் மேடம் மாமியாரின் கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக நிமிர்ந்தார். "பாருங்கோ ரகுபதி, சிவக்கவே இல்லை, தண்ணியும் விடலை. இந்தப் பாட்டில் ரொம்ப நன்னா வந்திருக்கு."

ரகுபதி மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டான். வலி, கண் சுருங்குவது, சோறு இறங்காதது. சுப்பம்மாவின் பழைய மருந்து பண்ணும் அதே அட்டூழியம்தான் சிவப்பு நூலிலும் இருக்கிறது. ஆக சிவப்பு, தோற்றுப்போன மருந்து. பச்சைதான் ஜெயித்தது. மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்று கேட்பார். அதனால் மேடத்தை விட்டுவிட்டு முயலைக் கேட்டான். மாமியாரின் மூக்கு, வலி இல்லை என்று சத்தியம் பண்ணியது.

பாட்டில்களில் மிஞ்சுவதைக் கொட்டிவிட்டுக் கழுவி வைப்பதும் அவன் வேலைதான். ஒரு சாயங்காலம் சிவப்பு நூலை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான். பச்சை நூலில் மிஞ்சியதை, சுப்பம்மாவின் மருந்து தீர்ந்துபோன காலி பாட்டில் ஒன்றைக் கொதிநீரில் அலசி, அதில் ஊற்றிக்கொண்டான். சாக்கடைக்குப் போவதைத்தானே எடுக்கிறோம், இது எப்படித் திருட்டு ஆகும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்வரைக்கும் சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னாய்யா இது, பாலு மாதிரி கீது?" என்றாள் சுப்பம்மா.

"புது மருந்து. நேனோ."

"நானோவா? அப்ப நீயோன்னு ஒண்ணு கீதா?"

"கிண்டல் பண்ணாத. காலைல ஒரு வாட்டி ஊத்துனா போதும். வலிக்காது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "யாரு குடுத்தாங்க?"

"காலேஜ் மேடம்தான்."

"எனுக்குன்னு குடுத்தாங்களா?"

"பின்ன யாருக்கு? உனுக்குத்தான்."

மறுநாள் காலை முதல் சொட்டு விழுந்தபோது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எரியவில்லை. புருவம் வலிக்கவில்லை. தொண்டை கசக்கவில்லை. மத்தியானம் அவள் கூடையை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். கட்டுமரத்தில் பாயின் ஒட்டுத்துணிவரைக்கும் தெரிந்ததாம். சாயங்காலம் ரகுபதி பஸ் இறங்கியதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "யோவ், உன் மூஞ்சி இவ்ளோ அசிங்கமா கீதுன்னு இத்தன நாளு யாரும் சொல்லவே இல்லியே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் பேசிய கொஞ்சல் பேச்சுகளில் இதுதான் தலையாயது.

பழைய மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அலையில் விசிறி எறிந்தாள். ரகுபதி தடுக்கவில்லை. அவனும் கூட நின்று வேடிக்கை பார்த்தான்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவர்கள் வீட்டில் தீபாவளி மாதிரி இருந்தன. சுப்பம்மாவின் குரல் திரும்பி வந்தது. செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு, வெத்தல போட்ட வாயி மாதிரி கீது" என்று விற்றாள். பச்சை நூலில் மிஞ்சுவதெல்லாம் அவள் கண்ணுக்கே போயிற்று. முயல் வீட்டில் ரகுபதி, மாமியாருக்கு ஒரு பிடி கொத்தமல்லி கூடுதலாகப் போட்டான்.

சில சின்னச் சங்கதிகள் நடந்தன. அவனுக்கு அவை உறைக்கவில்லை. குழம்பு ஊற்றும்போது கரண்டி தட்டின் விளிம்பைத் தாண்டிப் பாயில் கவிழ்ந்தது. பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரன் மணி அடித்தும் நேராகப் போய் மோதிக்கொண்டாள். "கண்ணு தெரிஞ்ச திமிரு, பாத்து நடக்க மாட்டேன்றா" என்று ரகுபதி சலித்துக்கொண்டான். படகிலிருந்து மீன் எடுத்துவரப் போகும்போது கயிற்றில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். வலி இல்லாத வியாதி ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தது. நடுவில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் விளிம்பு சுருங்குவது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள், வாடிக்கைக்காரி ஒருத்தி பக்கத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்க, சுப்பம்மா எதிரே இருந்த காலி இடத்தைப் பார்த்து, "எங்கமே போய்ட்ட?" என்று கேட்டாள். அதைப் பார்த்த குப்பத்துப் பெண்கள் சிரிக்கவில்லை. அன்றைக்கே ரகுபதி அவளைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் வஜீஹா அழுத்தம் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மருந்து விடுறீங்களா இல்லையா?"

"ஊத்திகினுதான் கீறேன் டாக்டரம்மா" என்றாள் சுப்பம்மா பெருமையாக. "நீங்க குடுத்தது இல்ல, அது பேஜாரு. இது காலேஜ் மருந்து. வலியே கெடையாது. கண்ணுகூட சுருங்காது."

"சுருங்கணும்மா! சுருங்கினாத்தான் தண்ணி வடியும். அதுக்குத்தான் அந்த மருந்து." டாக்டரம்மா ரகுபதி பக்கம் திரும்பினார். "எந்த காலேஜ்? உள்ள என்ன இருக்கு? பாதிப் பார்வை போயிருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். ஆனா கண்ணுக்குள்ள என்ன போயிருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன். அத செஞ்சவங்கள நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

சுருங்கினால்தான் வடியும். கவுன்சிலரின் குண்டூசிக் கண் அவன் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலை வைதேகி மேடம் முயல் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் வேலை எதுவும் தொடாமல் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மேடம், நான் மருந்து எடுத்துட்டேன். மிஞ்சினத. வூட்ல அவளுக்கு ஊத்துனேன்."

அவர் கையிலிருந்த பெட்டியை மேஜைமேல் வைத்தார். கோபம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "என்ன காரியம் பண்ணேள் ரகுபதி! முயலுக்கு விடறதைப் போய்... யாராவது பண்ணுவாளா? கண் இல்லையா அது!" சட்டென்று நிறுத்தினார். "எதை எடுத்தேள்? என்ன நூல்?"

"பச்ச."

வைதேகி மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற மருந்து எதுவும் கூட விட்டேளோ?"

"இல்ல மேடம். பழச தூக்கிப் போட்டுட்டோம். பச்சதான் வலிக்கல. மாமியாரு ஒக்காந்து தின்னுகினு இருந்திச்சி. நீங்ககூட நல்லா வந்துகீதுன்னு..."

"அதுல மருந்தே இல்லை ரகுபதி."

அவன் மாமியாரின் கூண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"வெறும் உருண்டை. உள்ள ஒண்ணும் கெடையாது. உருண்டையே கண்ணைப் புண்ணாக்கறதான்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா? அதுக்காக மருந்து போடாத ஒரு பாட்டில் எப்பவும் வெச்சுப்போம். அது கண்ணைப் புண்ணாக்கலைன்னுதான் நான் சந்தோஷப்பட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க சொன்னேளே, ஃபுட்போர்டுல தூக்கோட தொங்கறவன்னு. உங்காத்துல ஏறினவனோட தூக்கு காலி. இத்தனை நாளும் அவா கண்ணுக்கு எந்த மருந்துமே போகலை."

மாமியார் பின்னங்காலால் தரையைத் தட்டியது.

"செவப்ப எடுத்துனு போயிருந்தா?" என்று ரகுபதி கேட்டான்.

"தெரியாது. மனுஷாள் கண்ணுல அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. அதனாலதான் குடுக்கலை." எழுந்து மொபெட் சாவியை எடுத்தார். "வாங்கோ. அந்த டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

வைதேகி மேடமும் டாக்டர் வஜீஹாவும் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, ரகுபதியும் சுப்பம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. மீன் கடையில் நாலு பேரம் ஒரே நேரத்தில் கேட்டுப் பழகிய காது சுப்பம்மாவுக்கு. எல்லாம் கேட்டுவிட்டது.

"எனுக்குன்னு குடுத்தாங்கன்னு சொன்ன."

"ஆமா."

"பொய்யா?"

"ஆமா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்று இருந்தது. அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "மீனு நாறிச்சின்னா நான் வாங்க வர்றவளுக்கே சொல்லிடுவேன்யா. நீ எனுக்கு சொல்லல."

ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா மிச்சம் இருந்ததைப் பிடித்து நிறுத்தினார். போனதைத் திருப்பித் தர அவராலும் முடியவில்லை. சுப்பம்மாவுக்கு இப்போது உலகம் ஒரு சாவித் துவாரம் அளவுக்குத் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் கடை போட்டுவிட்டாள். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ரகுபதி பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதை அவள் அப்படியே நம்பிவிடுவதில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுகிறாள். பழைய சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறாள். வேறு யார் விட்டாலும் சரி, ரகுபதி மட்டும் அந்தப் பாட்டிலைத் தொடக் கூடாது.

நடந்ததை வைதேகி மேடமே பிரின்சிபாலிடம் சொன்னார். மிஞ்சியதைத் தானே கொட்டாமல் அவனிடம் விட்டது தன் தப்பு என்றும் சேர்த்துச் சொன்னார். ரகுபதிக்கு வேலை போகவில்லை. முயல் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அவனை முன்பக்கத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். முயல்காரன் ஏன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடை யோசித்தது. அந்த யோசனையில் பிறந்ததுதான் மேலே சொன்ன பேச்செல்லாம்.

ரகுபதி அதற்கு வாயே திறக்கவில்லை. சைதாப்பேட்டைக் குடும்பம் என்றபோதும் திறக்கவில்லை. குருடாக்கினவன் என்று காதுபடச் சொன்னபோதும் டீயைக் குடித்துவிட்டுப் போனான். சொல்கிறவன் பாதியாவது சரியாகத்தானே சொல்கிறான் என்று அவன் நினைத்திருக்கலாம்.

ஆனால் வம்பு ஒரே இடத்தில் நிற்குமா? ஒருநாள் வைதேகி மேடத்தின் மொபெட் கல்லூரி வாசலில் நுழைவதைப் பார்த்துவிட்டு, கணேசமூர்த்தி டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ரகுபதி உள்பட எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"தோ போவுது பாரு, அந்தம்மா காச்சுன மருந்துதான். வெஷமாம். முயலுங்கோ எல்லாம் குருடாயி சுவத்துல முட்டிகினு கீதாம். அதத்தான் நம்ம நைனா எடுத்துனு போயி... இன்னா நைனா, அவ்ளோ ஸ்ட்ராங்கா அந்த மருந்து?"

பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள். ரகுபதி தன் டம்ளரைக் கீழே வைத்தான். கணேசமூர்த்தியை நேராகப் பார்த்தான்.

"ஸ்ட்ராங்கும் இல்ல, வெஷமும் இல்ல. நான் ஊத்துனதுல மருந்தே இல்லடா. மருந்து இருந்த பாட்டில முயலுக்கு வலிக்குதேன்னு கொட்டிட்டு, வலிக்காதத எடுத்துனு போயி ஊத்துனேன். அதான் அவ கண்ணு போச்சு."